முறை இல்லாத தெய்வம்

உப்பூருக்கு மேற்கே உள்ள கண்மாயில் முழங்காலளவுத் தண்ணீர்தான் கிடந்தது. அன்றைக்கு மாரிச்செல்வியின் கடைமடை வயலுக்குத் தண்ணீர் முறை. கதிர் பால் பிடித்து நின்றது. அன்று நனையாவிட்டால் அத்தனையும் பதர். ஊருக்கு முறை பார்த்து மடை திறந்துவிடும் நீர்பாய்ச்சியான கூத்தையா மடைப் பலகையில் கை வைத்த நேரத்தில்தான் வடக்கே பனிச்சீமையிலிருந்து ஓடின் என்கிற தேவன் வந்து சேர்ந்தான்.

அந்தச் சீமைத் தேவர்களுக்கெல்லாம் அவன்தான் தலைவனாம். ஒற்றைக்கண், கையில் ஈட்டி, தோளுக்கொரு காக்கை. உலகத்துச் சேதியெல்லாம் அவன் காதில் ஓதும் காக்கைகள், இராமநாதபுரத்தில் போய்த் தண்ணீர் கேட்காதே என்று மட்டும் ஓதவில்லை போலிருக்கிறது. உலகத்தைத் தாங்கும் மரத்தின் வேர் காய்கிறது, கண்மாயை அப்படியே திறந்துவிடு என்றான். அறிவூற்றில் ஒரு மிடறு குடிக்கத் தன் கண்ணையே பிடுங்கிக் கொடுத்தவன் தான் என்று பெருமையும் பேசினான்.

“ஒரு வாய்த் தண்ணிக்கு ஒரு கண்ணா? ஒங்கள நல்லா ஏச்சுப்புட்டாய்ங்க,” என்றான் கூத்தையா.

ஓடின் ஆசை காட்டினான். தன் மாளிகையில் வீரர்கள் பகலெல்லாம் வெட்டுப்பட்டுச் சாவார்களாம். பொழுது சாய எழுந்து விருந்துண்பார்களாம். கூத்தையாவுக்கும் அங்கே இடமுண்டாம்.

“பகலெல்லாம் சாகுறதும் பொழுதடைய எந்திரிக்கிறதும் இங்கனயே நடக்குது. விருந்துதான் இல்ல.”

மண்வெட்டியோடு நின்ற மாரிச்செல்வி பலகையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அந்நேரம் பைக்கில் வந்த பூமிநாதன், மேல்மடையில் பாதி நிலத்துக்குச் சொந்தக்காரர், செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினைக் கும்பிட்டார். “ஏலே கூத்தையா, சாமிக்கே இல்லங்கிறியா? தொறந்து விடுறா.”

“நாளைக்கு ஒங்க முறைதான அய்யா? அத சாமிக்கு விட்டுக் குடுங்க. இப்பமே ஒங்க வாயால சொல்லுங்க.”

கும்பிட்ட கை தானாகப் பிரிந்தது. பூமிநாதன் வானத்தைப் பார்த்தார், செருப்பை மாட்டினார், வண்டியைக் கிளப்பினார். பக்தி அவ்வளவுதான்.

தனக்கு எப்போது முறை என்று ஓடின் குரலை இறக்கிக் கேட்டான்.

“இங்கன நெலம் இருக்கா ஒங்களுக்கு? இல்லையில்ல? அப்ப முறையும் இல்ல. முப்பது வருசமா மடை தொறக்குறேன், எனக்கே இல்ல.”

ஓடின் ஈட்டியை ஓங்கினான். கூத்தையா அவனுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து பலகையைத் தூக்கினான். தண்ணீர் கலங்கலாய்ப் புரண்டு வாய்க்காலில் ஓடியது. மாரிச்செல்வி மண்வெட்டியோடு அதன் பின்னாலேயே வயலுக்கு ஓடினாள். ஓங்கிய கை ஓங்கியபடியே வெகுநேரம் நின்றது. கடைசிப் பாத்தியும் நனைந்துவிட்டதென்று மாரிச்செல்வி தூரத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

ஓடின் ஈட்டியை ஊன்றித் திரும்பி நடந்தான். குனிந்து மடையை அடைத்துக்கொண்டிருந்த கூத்தையா நிமிரவில்லை.

“வரப்பு ஊறிக் கெடக்கு. மிதிச்சு ஒடச்சுப்புடாம ஓரமாப் போங்க.”