ராஜவேலுவின் இரண்டு கைகள்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைத் தொழிலாளர்களுக்கான சதுரங்கப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் எதிரெதிரே உட்கார்ந்த இருவருக்கும் ஒரே கம்பெனிதான். ஜெபா விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்ளும் பாதுகாப்புப் பிரிவில் உதவியாளர். ராஜவேலு இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷின் ஓட்டுபவர். ஜெயிப்பவர் கோயம்புத்தூரில் நடக்கும் மாநிலப் போட்டிக்குப் போகலாம். மூன்று வருடமாக அரையிறுதியோடு திரும்பிய ஜெபாவுக்கு அது வேண்டும். அதை வெளியே சொல்லத்தான் கூச்சம்.

ஒரு சிப்பாயை நகர்த்துவதற்குள் தன் ராஜாவுக்கு ஆபத்து உண்டா என்று மூன்று முறை பார்ப்பாள் ஜெபா. ராஜவேலு அப்படியில்லை. காய் போனால் போகட்டும் என்று ஏறி அடிப்பார்.

“இன்னாம்மா, நான் போயி நாஷ்டா துன்னுகினு வந்துடட்டா?” என்றார்.

பன்னிரண்டாவது நகர்த்தலில் அவர் கோட்டை கட்டினார். வலது கையில் ராஜா, இடது கையில் யானை. இரண்டையும் ஒன்றாகத் தூக்கி வைத்துக் கடிகாரத்தைத் தட்டினார். நடுவர் பாக்கியநாதன் ஆட்டத்தை நிறுத்தினார்.

“ஒரு கையாலதான் ஆடணும் ராஜவேலு. இன்னொரு தபா பண்ணா ஆட்டமே போய்டும்.”

“பன்னெண்டு வருசமா ரெண்டு கையாலயும் பட்டன அமுக்குனாத்தான் சார் மெஷினே எறங்குது. ஒரு கைய எடுத்தா இந்தப் பொண்ணே மெமோ குடுக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஜெபாவும் சிரித்தாள். மெஷினுக்கு அடியில் யார் கையும் நசுங்கிவிடக் கூடாதென்று, ஷிஃப்ட் தொடங்கும்போதெல்லாம் ‘ரெண்டு கையும்ணா, ரெண்டு கையும்’ என்று மெஷின் மெஷினாகச் சொல்லிப் போவது அவள்தான்.

ஒரு மணி நேரத்தில் அவளுடைய அரண் பிய்ந்துபோனது. ஒரு குதிரையைக் காவு கொடுத்து, அவள் ராணியை மூலையில் சிக்கவைத்துவிட்டார் ராஜவேலு. இனி மீள வழியில்லை என்பது அவளுக்கே தெரிந்தது. பாக்கியநாதன் வாசலில் சத்தம் போட்டவர்களை அதட்டப் போயிருந்தார். அந்த நேரத்தில் ராஜவேலுவின் இடது கை அவள் ராணியை எடுத்தது. அதே நொடியில் வலது கை யானையை அங்கே வைத்துக் கடிகாரத்தைத் தட்டியது.

பார்த்தது ஜெபா மட்டும்தான்.

கடிகாரத்தை நிறுத்திக் கையைத் தூக்கினாள். “சார், ரெண்டு கை.”

பாக்கியநாதன் விரைந்து வந்தார். “அப்டியா ராஜவேலு?”

இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் அவளிடம் சாட்சியில்லை. அவர் தன் கைகளை ஒருமுறை பார்த்தார். “ஆமா சார். பண்ணிட்டேன்.”

ஆட்டம் ஜெபாவுக்கு என்று அறிவித்தார்கள். கைதட்டல் ஒப்புக்கு எழுந்து அடங்கியது.

“மெமோ குடுத்தே கப்பு வாங்கிட்ச்சுடா!” என்று கத்தினான் பிரஸ் ஷாப் ரகு.

“டேய், மூட்றா. ரூல்னா ரூல்தான்” என்றார் ராஜவேலு. ரகு கத்தியதைவிட இதுதான் ஜெபாவுக்குத் தாங்கவில்லை. முகம் எரிய, அவர் பின்னாலேயே படிவரை போனாள்.

“அண்ணா, நான் பாக்காத மாரி வுட்டிருக்கலாம், இல்ல?”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே யோசித்தார். “வுட்டிருக்கலாம்மா” என்றார். குரலில் கோபமே இல்லை.

அப்படியெல்லாம் இல்லை என்று அவர் சொல்வார் என்றுதான் கேட்டோம் என்பது, அவர் இறங்கிப் போன பிறகே அவளுக்கு உறைத்தது. உள்ளே கோப்பையோடு போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். போய் நின்றாள்.