கண் திறந்த படம்

மூன்று படங்களையும் வின்சென்ட் மேசைமேல் வரிசையாக வைத்தான். முதல் படத்தில் அவனே இருந்தான். கோட்டும் டையுமாக, வக்கீல் ஆபீசில் நகல் எழுதுகிறவனாக இல்லாமல் வக்கீலாகவே தெரிந்தான். இரண்டாவதில் அப்துல் ரஹீம், தொப்பியைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி. மூன்றாவது இராயப்பன். தலை நிமிர்ந்திருந்தது. சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தது. கண் இரண்டும் மூடியிருந்தன.

"ஒரு மாலை வாங்கிப் போட்டா செவத்துல மாட்டிரலாம்," என்றான் ரஹீம்.

"கண்ணு சிமிட்டியிருப்பேன்," என்றான் இராயப்பன்.

"சிமிட்டுறவனுக்கு வாய் தொறக்காதுலா."

இராயப்பன் படத்தை எடுத்துப் பார்த்தான். வாய் திறந்துதான் இருந்தது.

சூலியா தெருவில் ரஹீமின் அத்தா நடத்தும் சாப்பாட்டுக் கடை அது. செவ்வாய்க்கிழமை, மணி நாலு. மத்தியானக் கூட்டம் கலைந்து சாயங்காலக் கூட்டம் இன்னும் வராத நேரம். ஆறு வாரமாக இதே நேரத்தில் இதே மேசையில் உட்கார்ந்துதான் மூவரும் மேடான் பயணத்தைப் பேசி முடித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கப்பல். சனி விடிந்தால் டச்சுக்காரன் ஊர். அன்றைக்கு இரவு ரஹீமின் மாமா கடைமாடியில் படுக்கை. ஞாயிறு கப்பலேறித் திங்கள் காலை வீடு. மூவரும் பினாங்கில் பிறந்தவர்கள். அதிகம் போனால் அக்கரையில் புக்கிட் மெர்தாஜாம் வரை போனவர்கள். வேறு கொடி பறக்கும் மண்ணில் ஒருவனும் கால் வைத்ததில்லை.

வின்சென்டுக்கு அது ஊர் சுற்றல். ரஹீமுக்கு மாமாவைப் பார்க்க ஒரு சாக்கு. இராயப்பனுக்கு விஷயம் வேறு. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஐஸ் கம்பெனியில் இராத்திரி வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆயிற்று. வெள்ளிதோறும் மேடான் கப்பலுக்குப் போகும் ஐஸ் பாளங்களைத் தொட்டியிலிருந்து தூக்கி அனுப்புகிறவன் அவன்தான். அவன் உறையவைத்த தண்ணீர் நானூறு தடவைக்கு மேல் மேடானுக்குப் போயிருக்கிறது. அவன் போனதில்லை. இதற்காக அவன் ஏங்கியதெல்லாம் கிடையாது. எரிச்சல்தான்.

வருஷத்துக்கு ஒரு முறை கம்பெனியில் யந்திரத்தை நிறுத்திப் பிரித்துத் துடைப்பார்கள். அந்த மூன்று இராத்திரிதான் அவனுக்கு லீவு. இந்த வருஷம் அது வரும் வெள்ளிக்கிழமை தொடங்குகிறது. இந்தக் கப்பலை விட்டால் இன்னும் ஒரு வருஷம்.

"பாஸ்போர்ட்டு ஆபீசர் ஒன் படத்தத் தூக்கிப் போட்டுட்டாரு," என்றான் வின்சென்ட். காகித வேலை முழுவதும் அவன் பொறுப்பு. "முழிச்சிருக்கிற ஆளக் காட்டுங்கறாரு. வியாழன் பன்னெண்டு மணிக்குள்ள வேற படம் கொண்டுபோகணும். இல்லாட்டி ஒனக்குப் பாஸ்போர்ட்டு இல்ல."

"இன்னிக்கே எடுத்துட்டாப் போச்சு."

"எடுக்க மாட்டாரு படக்கடைத் தவுக்கே. கண்ணாடிக் கூரை வழியா காலை வெளிச்சம் விழுகணும் அவருக்கு. நாளைக்குப் பத்து மணிக்குத்தான். நாளைக்கும் நீ ராத்திரி பூரா வேலை பாத்துட்டு வருவே. மறுபடி தூங்குவே."

வின்சென்ட் டீயை ஆற்றினான். தேவைக்கு அதிகமாகவே ஆற்றினான். பிறகு சொன்னான்:

"ரொம்பச் சூசாவா, செரமமா இருந்தா ஒண்ணு செய்யலாம். இந்தத் தடவ நாங்க ரெண்டு பேரும் போயிட்டு வந்துர்றோம். ஊரு வழி தெரிஞ்சுக்கிட்டா, அடுத்த வருஷம் ஒனக்கும் கஷ்டம் இருக்காது."

ரஹீம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான். மேசை சுத்தமாகத்தான் இருந்தது. இருவரும் முன்பே இதைப் பேசி வைத்திருக்கிறார்கள் என்று இராயப்பனுக்குப் புரிந்தது. கோபம் வரவில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் அவனும் இதையேதான் சொல்லியிருப்பான். இவ்வளவு சுற்றி வளைத்திருக்க மாட்டான், அவ்வளவுதான்.

"அடுத்த வருஷம் நீங்க வேணும்னா போங்க. வெள்ளிக்கிழமை நான் போறேன்."

"கண்ணத் தொறந்து வைக்க என்னடா வழி?"

"மெளகாத்தூளு வேணுமா? கடையில மூட்டையா இருக்கு," என்றான் ரஹீம்.

"அழுவுற படம் வரும். ஆபீசர் அதுக்கும் ஒண்ணு சொல்லுவாரு. ராயப்பா, இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டம் போட்டுட்டுத் தூங்கேன்."

"மட்டம் போட்டா லீவும் போச்சு, வேலையும் போச்சு."

இராயப்பன் படத்தை மறுபடி பார்த்தான். படக்கடையில் நடந்ததை ஒவ்வொன்றாக நினைத்தான். வெல்வெட்டு வைத்த சாய்வு நாற்காலி. தலை ஆடாமல் இருக்கக் கழுத்துக்குப் பின்னால் ஓர் இரும்புக் கவை. கண்ணாடிக் கூரையிலிருந்து இளஞ்சூடு. கடை முதலாளியான சீனத் தவுக்கே கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, அசையாதே என்று மெல்லிய குரலில் மலாயில் சொன்னார். இராத்திரி முழுக்க நின்றவனை உட்கார வைத்துக் கழுத்தையும் தாங்கிப் பிடித்து, அசையாதே என்றும் சொன்னால் அவன் வேறு என்ன செய்வான்?

"தப்பு என்மேல இல்ல," என்றான். "நாற்காலி மேல."

"என்னது?"

"ஐஸ் கம்பெனியில உக்கார எடமே கெடையாது. ஒம்பது வருஷத்துல நின்னுகிட்டு ஒரு தடவகூட நான் தூங்கினதில்ல. நாளைக்கு நின்னுக்கிட்டு எடுக்கிறேன்."

"தவுக்கே ஒத்துக்க மாட்டாருலா. அந்த நாற்காலி அவரு அப்பன் காலத்துது," என்றான் ரஹீம்.

"அத நான் பேசிக்கிறேன்."

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு வேலை முடிந்தது. டத்தோ கிராமாட்டில் இருக்கும் வீட்டுக்குப் போனால் படுக்கும் பாய் கண்ணில் படும். அதனால் போகவில்லை. கடற்கரைச் சாலையில் நான்கு மணி நேரம் நடந்தான். ஒரு முறைகூட உட்காரவில்லை. பத்து அடிக்கும்போது படக்கடை வாசலில் நின்றான். இரண்டு நண்பர்களும் வந்திருந்தார்கள். அவன் விழுந்தால் பிடிக்க வந்தார்களா, வேடிக்கை பார்க்க வந்தார்களா என்று அவன் கேட்கவில்லை.

தவுக்கே நாற்காலியைத் தட்டிக் காட்டினார். இராயப்பன் தலையை ஆட்டினான். நிற்கிறவன் ஆடுவான், ஆடினால் முகம் கலங்கிப்போகும், தன் கடைக்குக் கெட்ட பெயர் என்றார் தவுக்கே. இராயப்பன் மலாயில் சுருக்கமாகவே பதில் சொன்னான்: உட்கார்ந்து எடுத்த படம்தான் கெட்டுப்போய் வந்திருக்கிறது, இது கெட்டால் அந்தப் பெயரை நானே எடுத்துக்கொள்கிறேன். பேசிக்கொண்டே நாற்காலியைத் தூக்கி மூலையில் வைத்தான். இருநூறு ராத்தல் ஐஸ் பாளத்தைப் புரட்டுகிற கைக்கு அது ஒரு பாரமா?

தவுக்கே ஏதோ முனகிக்கொண்டு காமிராவின் கால்களை உயர்த்தினார்.

இராயப்பன் காலை அகட்டி நின்றான். கம்பெனி யந்திரத்தின் பக்கத்தில் ஒரு வட்டக் கண்ணாடி உண்டு. உள்ளே ஒரு முள், குழாய்க்குள் இருக்கும் அம்மோனியா வாயுவின் அழுத்தத்தைக் காட்டுவது. முள் சிவப்புக் கோட்டைத் தொடும்போது பார்க்கிறவன் கண்ணை மூடியிருந்தால் அப்புறம் திறக்க வேண்டிய தேவையே இருக்காது. காமிராவின் வட்டக் கண்ணாடியை அவன் அப்படித்தான் பார்த்தான். இமை நடுங்கவில்லை. தவுக்கே அதன் மூடியைக் கழற்றி, நாலுவரை எண்ணி, மறுபடி போட்டார்.

வியாழக்கிழமை பதினொன்றே காலுக்குப் படம் கைக்கு வந்தது. ரஹீம் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் தூரத் தள்ளிப் பிடித்தான்.

"டேய், இது யாரத் தேடிப் புடிக்கப் போற மொகம்? மேடான்ல நம்ம எறங்கின ஒடனே டச்சுப் போலீஸ்காரன் சல்யூட் அடிப்பான்."

"கண்ணு தொறந்திருக்கா?"

"இனிமே மூடாது போலருக்கு."

ஆபீசர் படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பசையைத் தடவி ஒட்டினார். முத்திரை பாதி படத்திலும் பாதி தாளிலும் விழுந்தது. மணி பன்னிரண்டாக இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது.

வெளியே வந்ததும் வின்சென்ட் கையை நீட்டினான்.

"குடு. மூணும் என் பையிலயே இருக்கட்டும். ஒண்ணா இருந்தாத்தான் பத்திரம்."

"என்னோடது என்கிட்ட இருக்கட்டும்."

"தொலச்சுடுவேடா."

"தொலைக்கிறவனா இருந்தா இதுக்குள்ள தொலச்சிருப்பேன்."

வின்சென்ட் கையை இழுத்துக்கொண்டான். ரஹீம் சத்தமில்லாமல் சிரித்தான். இராயப்பன் பாஸ்போர்ட்டை உள்சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டான். இன்னும் ஓர் இராத்திரி வேலை பாக்கி இருந்தது. அதற்கு முன் ஐந்து மணி நேரமாவது தூங்க வேண்டும். இனித் தூங்கலாம்.

"நாளைக்கு நாலு மணி, கப்பல் ஜெட்டியில," என்றான். "பிந்தி வர்றவனுக்காக நான் நிக்கமாட்டேன்."

சொல்லிவிட்டு டத்தோ கிராமாட் பக்கம் நடந்தான்.