முதலாளியின் சட்டைப்பை

அன்று விடியலில் சலவைக்கூடத்தில் இருந்தவர்கள்: கொதிகலன் பக்கம் நெட்டைக்காரி, பிழியும் எந்திரத்தில் அவள் நாத்தனார், சூட்டு உருளையில் மடிப்புக்காரி, சுவரோரம் கைக்கட்டோடு அவள் தங்கை. மேசையில் முதலாளி. வாசலில் டேப்லெட்டும் கையுமாகச் சமூகநலப் பணியாளர்.

ஆஸ்பத்திரிப் போர்வைகள் ஈரத்தில் பிணமாய்க் கனத்தன. மடிப்புக்காரி ஒவ்வொன்றாக உதறி உருளைக்குக் கொடுத்தாள். தங்கையின் கையை இழுத்துக்கொண்ட அதே உருளை.

"விண்ணப்பம் ஏத்திட்டேன்மா, ஆபரேஷன் செலவு அரசாங்கத்தோடது. போனுக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்றார் பணியாளர்.

பெண்கள் முதலாளியைப் பார்த்தார்கள். கூடத்துக்குள் போன் கொண்டுவரக் கூடாது. மருத்துவக் காப்பீட்டுப் பதிவு முகாம் இங்கேயே நடந்த அன்று எல்லோரும் முதலாளியின் எண்ணையே கொடுத்துவிட்டு, நன்றியும் சொல்லியிருந்தார்கள்.

முதலாளியின் சட்டைப்பைக்குள் போன் கிணுகிணுத்தது.

"ஓடிபிய சொல்லாம எங்க போகப்போறேன்? மொதல்ல, வீட்டுல சுடுதண்ணி கொட்டிடுச்சுன்னு மேடம் மாத்திப் போடட்டும்" என்றார் முதலாளி.

"உருளைக்குத் தடுப்புக் கம்பி போடுங்கன்னு எத்தன தடவ கெஞ்சினோம்ணே!" என்றாள் நெட்டைக்காரி.

"ஏன், அவ வீட்டுல தண்ணி கொதிக்காதா?"

"பொய்யா எழுத மாட்டேன் சார்." பணியாளர் பெண்கள் பக்கம் திரும்பினார். "நம்பர மாத்திக்கலாம்மா. ஆனா அவங்கவங்க நேர்ல ஆபீஸுக்கு வரணும்."

"வேலை நேரத்துல வாசல் தாண்டினவ திரும்பி வரவேண்டாம்" என்றார் முதலாளி.

வீட்டில் அடுப்பெரிவது மடிப்புக்காரி ஒருத்தி சம்பளத்தில். கட்டுக்கு வெளியே தங்கையின் விரல்நுனிகள் கறுத்திருந்தன. தள்ளிப்போட்டால் விரல் தங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவள் உருளையை நிறுத்தினாள்.

"எந்திரிடி, போலாம்."

"நில்லு, நானும் வரேன்" என்று நெட்டைக்காரி கொதிகலனை அணைத்தாள். "என் நம்பரும் அந்தப் பையிலதான கெடக்கு. இன்னைக்கு இவ, நாளைக்கு நானு."

நாத்தனார் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எந்திரத்தைவிட்டு விலகினாள். "ஆஸ்பத்திரி லாரி வர்ற நேரம் அண்ணே. போர்வையெல்லாம் ஊறுது, நல்லா கும்மிப் பிழிங்க."

"நில்லுங்கடி! ஒருத்திக்கும் வேலை கெடையாது!"

நெட்டைக்காரி தங்கையின் நல்ல கையைப் பிடித்து முன்னே நடந்தாள். மடிப்புக்காரி கடைசியாகப் படி இறங்கினாள். அவள் முதுகுக்குப் பின்னால் இரும்புக்கதவு அறைந்து மூடிக்கொண்டது. உள்ளிருந்து பூட்டு விழுந்தது.