எஞ்சிய சொல்

காலிக் கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய அழைப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, சீல்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நின்றார். கதவு நிலைக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்ததே தவிர எவரும் வரவில்லை. முதியோர் இல்லத்தின் மேலாளர் கழுத்துப்பட்டையை இறுக்கிக்கொண்டு, அந்த அறையின் காற்றோட்டச் சிறப்பை விரித்துரைத்துக்கொண்டிருந்தார். தாமே காற்றைப் படைத்து அனுப்பிவைத்தவர் போன்ற பெருமிதம் அவர் குரலில் இருந்தது. மகள் தலையசைத்துக் கேட்டாள். மாப்பிள்ளை கைப்பேசியில் ஜன்னலைப் படம் பிடித்தார். சக்கர நாற்காலியில் இருந்த மனைவி, உயிரற்று மடியில் கிடந்த தன் வலக்கையை இடக்கையால் எடுத்து, உறங்கும் குழந்தையைப் புரட்டிக் கிடத்துவதுபோல் மெல்ல வேறு பக்கம் வைத்தாள்.

பணிக்காலம் முழுவதும் மின்தூக்கிகளைச் சோதித்தவர் அவர். குறை கண்ட கூண்டுக்குக் கைநடுங்காமல் முத்திரையிட்டு மூடியதால், கட்டட முதலாளிகள் வயிறெரிந்து வைத்த பெயர்தான் சீல்காரர். அவருடைய சோதனை எப்போதும் கூண்டுக்குள் இருக்கும் அபாய மணியில்தான் தொடங்கும். கயிறு அறுந்தாலும் மனிதன் பிழைப்பான். தடுத்து நிறுத்தப் பற்றுக்கட்டைகள் இருக்கின்றன. கூப்பிட்ட குரலுக்கு ஆள் இல்லையென்றால் எந்தக் கட்டையும் காப்பாற்றாது என்பது அவர் கட்சி. உலகத்தாரில் பாதிப்பேர் பளபளப்பைப் பூசுகிறவர்கள், மீதிப்பேர் அதில் முகம் பார்த்துத் தலைவாரிக்கொள்கிறவர்கள் என்பதும் அவர் கட்சிதான். இதில் தம் மாப்பிள்ளையை அவர் இரண்டாம் பாதியில் வெகுநாளைக்கு முன்பே சேர்த்துவிட்டிருந்தார்.

சற்று முன், மாடியேறி வருவதற்கு முன்பே, கீழே முகப்புக் கூடத்தில் அது இன்னொரு முறை உறுதியாகியிருந்தது. பளிங்குத் தரை, செயற்கை நீரூற்று, சுவர் முழுக்கச் சிரிக்கும் முதியவர்களின் வண்ணப்படங்கள். அந்தப் படங்களில் இருந்த ஒருவருக்கும் பற்களில் குறையில்லை. ஒருவரும் இந்தக் கட்டடத்தை மிதித்தவராகவும் தெரியவில்லை. "ஸ்டார் ஹோட்டல் மாதிரி இருக்குல்ல, மாமா?" என்றார் மாப்பிள்ளை. "ஆமா மாப்ளே. ஹோட்டல்ல நாம ராத்திரி தங்கிட்டு காலையில வந்துடுவோம்," என்றார் சீல்காரர். மகள் கணவனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

மாடிக்கு வந்ததும், இந்த அறை வாசலுக்கு எதிரே, நடையின் கோடியில், அவசரகால வழி என்று பச்சை எழுத்தில் ஒளிரும் பலகைக்குக் கீழே ஒரு கதவு பூட்டியிருந்தது. அதற்கு முன்னால் காலொடிந்த கட்டில் ஒன்றும் மடித்த மெத்தைகளும் சார்த்தியிருந்தன. அவர் பூட்டை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"சாவி எங்க இருக்கு?"

"செக்யூரிட்டிகிட்ட இருக்கு சார்."

"செக்யூரிட்டி எங்க?"

"சாப்பிடப் போயிருக்கார் சார். வந்துடுவார்."

"நெருப்புகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வையுங்க. அவர் கை கழுவிட்டு வர்ற வரைக்கும் அது கொஞ்சம் பொறுத்துக்கட்டும்."

மேலாளர் அதை நகைச்சுவையாகவே எடுத்துக்கொண்டு, தம் பங்குக்கும் ஒன்றைத் திருவாய் மலர்ந்தருளினார். "நம்ம இடத்துல அந்தப் பயமே வேணாம் சார். இங்க பெரியவங்க யாரும் படுத்த மாட்டாங்க. படுத்திருப்பாங்க!" என்றார். மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். பலரிடம் சொல்லிச் சொல்லி வழவழப்பேறிய சிலேடை அது என்பது, சிரிப்புக்காக மேலாளர் விட்ட இடைவெளியிலேயே தெரிந்தது. தமிழில் இரண்டு வினைகளையும் ஒரே வேரில் முளைக்கவிட்ட முன்னோர், அதை இப்படி ஒருவர் விலைக்கு விற்பார் என்று எண்ணியிருக்கமாட்டார்கள்.

எள்ளி நகையாடிவிட்டுத் திரும்பிப் போக முடிந்திருந்தால் சீல்காரர் அந்த நொடியே திரும்பியிருப்பார். முடியாது. மனைவியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து குளியலறைக்கும் தூக்கித் தூக்கி அவருடைய முதுகெலும்பின் வட்டொன்று பிதுங்கிவிட்டது. அடுத்த வாரம் அறுவைச் சிகிச்சை. அதற்குப் பிறகு ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேற்றூரில் வேலையும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுமாக இருக்கும் மகள் நாளை மறுநாள் கிளம்பியாக வேண்டும். இதற்கு முன் பார்த்த இல்லங்களையெல்லாம் அவர் வாசலிலேயே முத்திரையிட்டு மூடிவிட்டார். இது கடைசி. இதுவும் ஆகாதென்றால் அவளை எங்கே விடுவது என்பதற்கு எவரிடமும் விடையில்லை.

பக்கவாதம் அவளுடைய வலப்பக்கத்தோடு மொழியையும் வாரிக்கொண்டு போயிற்று. போகிற போக்கில் ஒரே ஒரு சொல்லை மட்டும் சிந்திவிட்டுப் போயிற்று. 'சரி.' அவளுக்கு எல்லாம் புரியும், யாரையும் மறக்கவில்லை, சொல்ல வாயெடுத்தால் வருவது அந்தச் சொல் ஒன்றுதான். பசிக்கும் சரி, வலிக்கும் சரி, ஜன்னலைச் சாத்தச் சொல்வதற்கும் சரி. அந்த ஒற்றைச் சொல்லுக்குச் சீல்காரர் ஓர் இலக்கணமே வகுத்து வைத்திருந்தார். வெட்டுண்டு நின்றால் வேண்டாம். நீண்டு தேய்ந்தால் போதும். நுனி உயர்ந்தால் வினா. மூக்கின் வழியாக வந்தால், உமக்கு ஒன்றும் தெரியாது என்று பொருள். கடைசி வகை மிக அருகியே வழங்கும் என்பது அவர் துணிபு. இந்த இலக்கணத்தில் உலகில் அவர் ஒருவரே ஆசிரியர், அவரே மாணவர். அறுவை அரங்கில் அவர் மயங்கிக் கிடக்கும்போது அவள் சொல்வதை எவர் கேட்பார்?

பொத்தானை அழுத்தி வெகுநேரம் கழித்து, பணிப்பெண் ஒருத்தி ஒருவழியாக அறைக்கு வந்தாள். கையில் தேநீர்த் தட்டு. வாசலில் சிவப்பு விளக்கைப் பார்த்தாள். சுவரில் ஒரு விசையைத் தட்டி அதை அணைத்தாள். அழைத்தது யார், எதற்கு என்று ஒரு சொல் கேட்கவில்லை. அழைப்பு தீர்ந்தது. தட்டை வைத்துவிட்டு, ஒரு குவளையை மனைவியின் இடக்கைக்கு எட்டாத தூரத்தில் மேசைமேல் நிறுத்தினாள்.

"பாட்டி, டீ சூடா இருக்கா? ஆத்தித் தரவா?"

"சரி," என்றாள் மனைவி.

"அப்ப ஆறட்டும்." அவள் மற்றவர்களுக்குக் கொடுத்து முடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். "குடிச்சிட்டீங்களா? எடுத்துக்கவா?"

"சரி." அந்தச் சொல் வெட்டுண்டு நின்றது.

பணிப்பெண் ஏடு படிந்த முழுக்குவளையைத் தட்டில் ஏற்றிக்கொண்டு போனாள். அவளை வைதும் பயனில்லை. அந்தத் தளம் முழுவதற்கும் அவள் ஒருத்திதான் என்பது, அவள் போன திசையில் அடுத்தடுத்து எரிந்து அணைந்த விளக்குகளிலிருந்தே தெரிந்தது.

"பாத்தீங்களா? டீ நேரம் தவறாது சார்," என்றார் மேலாளர்.

"பாத்தேன். குடிக்கிறதுதான் நேரம் தவறிப்போச்சு."

அப்போது அறையின் மறுகோடிக் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. போர்வைக் குவியல் என்று அவர்கள் நினைத்திருந்தது சற்றே நிமிர்ந்து உட்கார்ந்தது. "அந்தம்மா டீ வேணாம்னு சொல்லல. எடுத்துட்டுப் போகாதேன்னு சொன்னாங்க. இவ்வளவு பேர் சுத்தி நிக்கிறீங்களே, அத்தனை பேருக்கும் காது என்ன அழகுக்கா?"

"நம்ம பெரிய டீச்சர் சார்," என்று மேலாளர் அவசரமாக அறிமுகம் செய்தார். "ஹெட்மிஸ்ட்ரஸா இருந்தவங்க. நம்ம இடத்துல படுத்தறவங்க இவங்க ஒருத்தர்தான்."

சீல்காரரின் கண் அந்தக் கட்டிலின் தலைமாட்டுக்குப் போயிற்று. அங்கே பொத்தான் கயிறு தொங்கவில்லை. அதை மேலே தூக்கி, திரைச்சீலைக் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சிட்டிருந்தார்கள். எழுந்து நிற்கத் தெம்பிருந்தாலும் டீச்சரின் கைக்கு அது எட்டாது.

"அது ஏன் அங்க இருக்கு?"

"சும்மா சும்மா அழுத்துவாங்க சார்."

"ஒரு தரம் அழுத்தினப்ப வந்திருந்தா மறுதரம் எதுக்குய்யா அழுத்தறேன்?" என்றார் டீச்சர்.

சீல்காரர் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். "கேட்டுக்குங்க மாப்ளே. இது ஸ்டார் ஹோட்டல். ரூம் சர்வீஸ் வேணும்னா கம்பி மேல ஏறணும்."

மேலாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். வாதத்தில் தோற்றவர்கள் செய்வதையே அவரும் செய்தார். பதில் சொல்ல முடியாதவரிடம் போனார். சக்கர நாற்காலியின் முன் குனிந்து, பச்சைக் குழந்தையிடம் பேசும் குரலில், "அம்மா, நம்மகிட்டயே இருந்துடறீங்களா? நாங்க நல்லாப் பாத்துக்குவோம். என்ன?" என்றார்.

"சரி."

மகளின் கண் கலங்கிவிட்டது. "அப்பா, கேட்டீங்களா? அம்மாவே சொல்லிட்டாங்க."

"அது வேண்டாம்னு அர்த்தம்," என்றார் சீல்காரர்.

"உங்களுக்குப் பிடிக்கலைன்னா அது வேண்டாம். உங்களுக்குப் பிடிச்சா அதுவே வேணும். அம்மா பாட்டுக்கு வாயசைக்கிறாங்க, நீங்க டப்பிங் குடுத்துக்கிட்டு இருக்கீங்கப்பா." சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டவள்போல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சீல்காரர் சிரித்தார். உதடு மட்டும் கோணிய சிரிப்பு அது. எதையும் உற்றுக் கேட்கத் தெரியாத தலைமுறைக்கு எல்லாச் சரியும் ஒன்றுபோலத்தான் ஒலிக்கும் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் டீச்சர் முந்திக்கொண்டார். இம்முறை அவர் மனைவியைப் பார்த்துத்தான் பேசினார்.

"இந்தாம்மா, வந்ததுலேர்ந்து பாக்கறேன். உன் வீட்டுக்காரர் பூட்டைத் தூக்கறாரு, பெல்லை அமுக்கறாரு, சுவத்தைத் தட்டறாரு. வீட்லயும் இப்படித்தானா?"

மனைவியின் தலை மெல்லத் திரும்பியது. "சரி!" என்றாள்.

அது மூக்கின் வழியாக வந்தது. வந்தது மட்டுமல்ல, அதைத் தொடர்ந்து வாயின் ஒரு பாதி விரிந்து, தோள் குலுங்கி, தொண்டைக்குள் ஏதோ களகளத்தது. அவள் சிரிக்கிறாள் என்று புரிந்துகொள்ளச் சீல்காரருக்குச் சற்று நேரமாயிற்று. நோயில் விழுந்த நாளிலிருந்து அவள் அழுததைப் பார்த்திருக்கிறார். சினந்து தட்டைத் தள்ளியதைப் பார்த்திருக்கிறார். சிரிப்பு அவருடைய இலக்கணத்தில் இடம்பெற்றிருக்கவில்லை.

"அப்படிச் சொல்லு," என்றார் டீச்சர். "எங்க வீட்லயும் ஒருத்தர் இருந்தார். சாம்பிராணி மாதிரி. புகைஞ்சுக்கிட்டே இருப்பார், வீடு முழுக்க அவர்தான்."

"சரி?" என்று நுனி உயர்த்திக் கேட்டாள் மனைவி.

"போய்ச் சேர்ந்தார். நிம்மதியான்னு கேக்காதே. புகையில்லாம கண்ணு எரியுது."

"சரி," என்றாள் மனைவி, நீண்டு தேய்ந்த குரலில். அதற்குப் போதும் என்றல்லவா பொருள்? டீச்சர் அப்படி எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. போர்வை விளிம்பால் கண்ணைத் துடைத்துவிட்டு, "ஆமா, என்ன செய்யறது," என்று விடை சொன்னார். மனைவியும் தலையசைத்தாள்.

டீச்சருக்குப் பாதி தவறாகத்தான் புரிகிறது என்று சீல்காரர் தமக்குள் சொல்லிக்கொண்டார். வாய்க்கு வந்ததைப் பேசுகிற கிழவி. தனக்கு வேண்டிய பதிலைத் தானே பொறுக்கிக்கொள்கிறாள். இந்த எண்ணம் முழுதாக உருவாகி முடிவதற்குள், அதே குற்றச்சாட்டைச் சற்று முன் வேறு குரலில் கேட்டது நினைவுக்கு வந்தது. எரிச்சலோடு அதை உதறினார்.

"கிளம்பலாம். இந்த இடம் ஆகாது," என்றார்.

"பெட் நிக்காது சார், இன்னிக்கே ரெண்டு பார்ட்டி வர்றாங்க," என்றார் மேலாளர்.

"வரட்டும். ஏறத் தெரிஞ்ச ஆளாப் பாத்து எடுத்துக்குங்க." திரைக்கம்பியைக் கண்ணால் காட்டிவிட்டு, அவர் சக்கர நாற்காலியின் பிடிகளைப் பற்றித் தள்ளினார்.

நாற்காலி அசையவில்லை.

மறுபடியும் தள்ளினார். சக்கரம் தரையில் கிறீச்சிட்டு நின்றது. எட்டிப் பார்த்தார். மனைவியின் இடக்கை, சக்கரத்தை உருளவிடாமல் நிறுத்தும் தடைக்கம்பியை இறுகப் பற்றியிருந்தது. முழுவதும் கீழே அழுத்தி, விரல் கணுக்கள் வெளுக்கப் பிடித்திருந்தாள். அவர்தான் எப்போதும் அந்தத் தடையைப் போடுகிறவர், எடுக்கிறவர். அவளுக்கு அதைப் போடத் தெரியும் என்பதே இப்போதுதான் தெரிகிறது.

"அப்பா..." என்றாள் மகள், மிக மெல்லிய குரலில்.

"நீ சும்மா இரு." அவர் நாற்காலியின் முன்புறம் வந்தார். விரல்களைப் பிரிப்பதற்காகக் குனிந்தார். குனிந்த இடத்திலேயே முதுகுத்தண்டில் மின்னல் ஒன்று பாய்ந்து நின்றது. நிமிர முடியவில்லை. மாப்பிள்ளை ஓடிவந்து தோளைத் தொட்டார். "தொடாதீங்க," என்று பல்லைக் கடித்தார் சீல்காரர். ஒரு கையை நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றி, மெதுவாக ஒரு முழங்காலை மடக்கி, தரையில் மண்டியிட்டார்.

இப்போது அவர் முகம் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. பாதி முகம் ஓய்ந்து தொங்கியது. பாதி முகம் அவரைப் பார்த்தது. "டீச்சருக்காகவா? இங்கயே இருக்கப்போறியா? விளக்கை அணைச்சுட்டுப் போறவங்ககிட்டயா?" என்றார். அவர் காதுக்கே பழகாத ஒரு குரலில் கேட்டார். "என்ன சொல்ற? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"சரி," என்றாள்.

வெட்டுண்டு நிற்கவில்லை. நீளவில்லை. நுனி உயரவில்லை. வெறும் சொல்லாக, பாத்திரத்தில் நிற்கும் நீர்போல அலையின்றி இருந்தது. அவர் காத்திருந்தார். அவள் அவர் தோளுக்கு மேலாக ஜன்னலைப் பார்த்தாள். அவள் விரல்களைப் பிரிக்க வந்த கையை எடுத்துக்கொண்டு, அவரும் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தார். நின்றுகொண்டு அந்த ஜன்னலின் தாழையும் கம்பிகளின் இடைவெளியையும் அவர் சோதித்து முடித்திருந்தார். அவள் உட்கார்ந்திருக்கும் இந்த உயரத்திலிருந்து தெருவும் இல்லை, மரமும் இல்லை. ஒரு பட்டை வானமும் எதிர்வீட்டு மொட்டைமாடியின் கைப்பிடிச்சுவரும் மட்டுமே தெரிந்தன. அங்கே யாரோ ஒரு பெரிய வெள்ளை விரிப்பை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆள் தெரியவில்லை, விளிம்பைப் பிடித்த இரு கைகள் மட்டுமே தெரிந்தன. கைகள் விட்டதும் ஈர விரிப்பு கனத்துத் தொங்கியது. பின்பு எங்கிருந்தோ காற்று வந்து அதன் வயிற்றை நிறைத்தது. முழுதும் எழும்பி, சற்று நின்று, மறுபடியும் தளர்ந்தது.