தொடையில் இருந்த தகடு

துருப்பிடித்த இரும்புக் குழாய்களை அமிலத் தொட்டியில் முக்கி எடுப்பவனின் இரண்டு உள்ளங்கைகளும் ஒரு திங்கட்கிழமை காலை அமிலமாக மாறின. குளிக்கப் போனவன் துத்தநாக வாளியைத் தூக்க, பிடி சோடாவைப் போலப் பொங்கிக் கரைந்து, தரையில் வெள்ளை உப்பாகப் படிந்தது. அவன் தோல் சிவக்கக்கூட இல்லை. மதியத்துக்குள் இரும்புத் தாழ்ப்பாள் இளம்பச்சை உப்பாகி உதிர்ந்தது. சுண்ணாம்புச் சுவரில் கை ஊன்றிய இடத்தில் நுரை தள்ளி, ஐந்து விரலும் பள்ளமாகப் பதிந்தன. செம்பும் பொன்னும் மட்டும் அந்தக் கையைச் சட்டை செய்யவில்லை. ஆனால் செம்புக் குடத்தில் ஏறியிருந்த களிம்பு, அவன் தடவியதும் நீலப்பச்சைத் தண்ணீராக வழிந்தோடியது.

தெரு சில நாள் வேடிக்கை பார்த்துவிட்டுத் தன் பிழைப்பைப் பார்க்கப் போனது. முதலாளி தொட்டியை மூடிவிட்டு, குழாய்களை அவனையே தடவச் சொன்னார். துரு போனதும் கையை எடுத்துவிட வேண்டும். அசந்தால் குழாயும் போய்விடும். தையல்காரியான அவன் மனைவி, வீட்டுக்கு மரக்கரண்டியும் கண்ணாடித் தட்டும் வாங்கிப் போட்டாள். ஒரு விஷயம் மட்டும் சரிப்படவில்லை. எப்போதோ நடந்த பேருந்து விபத்தில் உடைந்த அவளது இடது தொடையெலும்பை எஃகுத் தகடும் திருகாணிகளும் வைத்துச் சேர்த்திருந்தார்கள். எலும்பு கூடிவிட்டது, தகடு தங்கிவிட்டது. குளிர்காலத்தில் அது உள்ளே குடையும். இன்னொரு தடவை கத்தி வைக்க அவளுக்குப் பயம். அவனோ அவள் மீது விரல் நுனிகூடப் படாமல், ரப்பர் கையுறையோடு கூடத்தில் படுத்துக்கொண்டான். இப்படியே இரண்டு குளிர்காலங்கள் போயின.

மூன்றாவதில் அவள் பொறுமை தீர்ந்தது.

"ஏங்க, ஊர்க் குழாயெல்லாம் தடவுறீங்க, கட்டினவ மட்டும் ஆகாதா?"

"உள்ள இரும்பு இருக்கே. ஏதாவது ஆயிட்டா?"

"ஆகட்டும். இந்த வலியோட கிடக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல்."

அவன் கையுறையைக் கழற்றித் தொடையில் கை வைத்தான். உள்ளே உலை கொதிப்பது போலச் சத்தம் கேட்டது. பதறி எடுக்கப் போனவனின் மணிக்கட்டை அவள் இறுக்கிப் பிடித்தாள். "எடுக்காதீங்க. வலிக்கல, கூசுது." பழைய தழும்பு நெடுகப் பச்சை உப்பு வியர்வையாக முத்துமுத்தாய் வெளியேறியது. அவன் அழுதுகொண்டே துடைத்தெடுத்தான். மறுநாள் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு மட்டுமே இருந்தது. டாக்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தாடையில் தகடு உள்ள தன் மாமனாரை அனுப்பலாமா என்று கேட்டார்.

உப்பு வெளியே வந்தது, இரும்பு கரைந்தபோது உண்டான ஹைட்ரஜன் வாயு வரவில்லை. அது காற்றைவிட இலேசானது என்பதால், விந்தி நடந்த கால் இப்போது தரையில் நிற்க மறுத்தது. செருப்புத் தைப்பவர் இடது செருப்பில் ஈயத் துண்டு வைத்துக் கொடுத்தார். அந்த வாயு தீப்பிடிக்கும் என்று டாக்டர் எச்சரித்ததால் சமையல் அவன் பொறுப்பாயிற்று, சுமாராகத்தான் சமைத்தான். செருப்பைக் கழற்றிவிட்டு அவள் தைக்க உட்காரும்போது இடது கால் தையல் இயந்திரத்தின் மிதியை விட்டு மேலே போய்விடும். "ஏங்க, தூக்குது," என்பாள். அவன் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, தையல் முடியும்வரை அவள் கணுக்காலை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.