மாஸ்டரின் வலது கால்

மாஸ்டரின் வலது காலுக்குத் தனியாக ஒரு மூளை இருந்தது.

டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் அவர். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கடவுளைக் கூப்பிட, மாஸ்டர் பக்கத்து சீட்டில் அமைதியாக உட்கார்ந்திருப்பார். பயிற்சிக் கார் என்பதால் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. எதிரே லாரி வந்தாலும் சரி, நாய் வந்தாலும் சரி, யாரோ கை தவறவிட்ட பலூன் வந்தாலும் சரி, கண் பார்ப்பதற்குள் கால் மிதித்துவிடும். நிஜ மூளைக்குத் தகவல் பிறகுதான் போகும்.

இத்தனை வருடத்தில் அந்தக் கார் ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. வேகமாகப் போனதாகவும் வரலாறு இல்லை. தெருவில் அதற்கு ஆமை என்று பெயர்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஓர் ஆசை இருந்தது. சீறிக்கொண்டு கிளம்புகிற கார் வேண்டும். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் முதுகு சீட்டோடு போய் அப்ப வேண்டும். புதிதாக வாங்க ஏழு ஜென்மம் சம்பாதிக்க வேண்டும் என்பதால், பழைய கார் போதும். சேமிப்பில் ஒரு கார் வாங்கலாம் என்று வீட்டில் முடிவான அன்று மாஸ்டர் குளியலறையில் நெடுநேரம் எஞ்சின் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

வில்லன் அதற்கு அடுத்த நாளே நுழைந்தார், டிரைவிங் ஸ்கூல் முதலாளி உருவத்தில்.

ஸ்கூலுக்குப் புதுக் கார் வருகிறதாம். ஆமையை விற்கப் போகிறாராம். மாஸ்டருக்கு மட்டும் அடிமாட்டு விலையாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். இதை அவர் மாஸ்டரிடம் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே புதைக்கப்பட்டிருக்கும். போனில் மாஸ்டரின் மனைவியிடம் சொல்லித் தொலைத்தார்.

"உங்க கையில வளர்ந்த வண்டிங்க. அதுல என்ன குறை?" என்றாள் மனைவி.

மாஸ்டர் மனசுக்குள் கணக்குப் போட்டார். பகல் முழுக்க ஆமை. இனி சாயங்காலமும் ஆமையா?

கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார். ஞாயிறு சாயங்காலத்துக்குள், கையிலிருக்கும் பணத்துக்குள், அவள் தலையாட்டுகிற மாதிரி ஒரு வேகமான காரைக் கண்டுபிடித்துவிட்டால் அது. இல்லையென்றால் ஆமை வாசலுக்கு வந்துவிடும். மனைவியின் நிபந்தனைகள் எளிமையானவை. நாலு பேர் உட்கார வேண்டும். மழைக்கு ஒழுகக் கூடாது. வாங்கிய பிறகு மெக்கானிக் கடையில் குடித்தனம் நடத்தக் கூடாது.

மனைவியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவள் ஒரு காலத்தில் மாஸ்டரிடம் கார் கற்றுக்கொள்ள வந்தவள். அவள் காலை எடுக்குமுன் இவர் பிரேக் போட, அவள் கியர் மாற்றுமுன் இவர் பிரேக் போட, ஒரு நாள் ஆமையை நடுரோட்டில் நிறுத்திவிட்டு, கதவை அறைந்து சாத்திவிட்டு, வீடு வரை நடந்தே போய்விட்டாள். சமாதானம் சொல்லப் பின்னாலேயே போனவர்தான் மாஸ்டர். பேச்சு நீண்டு கல்யாணத்தில் முடிந்தது. ஆனால் இந்த ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்டீயரிங்கைத் தொட மாட்டேன் என்று அன்று சொன்னவள் இன்றுவரை தொடவில்லை. ரத்தப் பரிசோதனை லேபில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கும் வேலை அவளுக்கு. அவசர சாம்பிள் என்றால் லேப் காரை அவளே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறப்பாள் என்று கேள்வி. எப்படி ஓட்டுவாள் என்று மாஸ்டர் பார்த்ததில்லை.

கார் வேட்டைக்கு நிபுணர் ஒருவர் தேவைப்பட்டார். மனைவியின் தம்பி தானாகவே வந்து சேர்ந்தான். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவன். மீதி நேரமெல்லாம் போனில் கார் வீடியோ பார்ப்பவன். அவன் சொந்தமாக வைத்திருந்தது ஒரு சைக்கிள்.

"டர்போ வேணும் மாமா, எஞ்சினுக்கு அது டானிக் மாதிரி. ஆனா பழைய டர்போவ வெறும் வயித்துல எடுக்கக் கூடாது. எஞ்சின் சூடானப்புறம்தான்" என்று மாத்திரை கொடுக்கிற தோரணையில் சொன்னான்.

சனிக்கிழமை காலை முதல் கார். சிவப்பு. இரண்டே கதவு. பக்கவாட்டில் நெருப்பு எரிகிற ஸ்டிக்கர். விற்றவர் ஜிம் வைத்திருக்கும் பயில்வான். ஸ்டார்ட் செய்ததும் எதிர் வீட்டு ஜன்னல்கள் வரிசையாகச் சாத்தப்பட்டன. மாஸ்டருக்கு மெய் சிலிர்த்தது. சீட்டில் உட்காரலாம் என்று இறங்கினார், இறங்கினார், இறங்கிக்கொண்டே போனார். ஏறக்குறைய தரையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. காரின் முன்னால் கட்டெறும்பு ஒன்று அவருக்குச் சமமான உயரத்தில் போனது.

உட்கார்ந்தது சரி. எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் மோவாயைத் தொட, இடுப்பு எங்கோ பூட்டிக்கொண்டது. மச்சினன் இழுத்தான், சட்டைப் பொத்தான்தான் வந்தது. கடைசியில் பயில்வான் குனிந்து, குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல இரண்டு கையாலும் மாஸ்டரைத் தூக்கி வெளியே நிறுத்தினார். கூடவே வருவீர்களா என்று அவரை விசாரித்துப் பார்த்தார்கள். காரோடு அவர் சேர்த்தியில்லையாம்.

மத்தியானம் இரண்டாவது கார்.

அதை மாஸ்டர் இரண்டு முறை சுற்றி வந்தார். கறுப்பு. நாலு கதவு. குனிந்தால் முகம் தெரிகிற பளபளப்பு. பாய்வதற்குமுன் பதுங்குகிற உடம்பு. பக்கத்தில் நின்ற தரகர் நிழலிலும் கூலிங்கிளாஸ் கழற்றாத ஆள். இந்த விலைக்கு இந்தக் கார் எப்படி என்று கேட்டதற்கு, உங்க முகராசி சார் என்றார். மாஸ்டர் வெட்கப்பட்டார்.

மச்சினன் பரிசோதனையில் இறங்கினான். பானெட்டைத் தட்டினான். டயரில் காதை வைத்துக் கேட்டான். பிறகு கதவைத் தடவிப் பார்த்து, டார்க், அதாவது எஞ்சினின் இழுவிசை, பிரமாதமாக இருக்கிறது என்று தீர்ப்பு சொன்னான். மாஸ்டரின் கை தன்னிச்சையாக, முன்பணம் இருந்த சட்டைப் பைக்குப் போனது.

"கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமே சார்" என்றார் தரகர். தன் வாழ்க்கையிலேயே அவர் செய்த பெரிய தப்பு அதுதான்.

ஓட்டிப் பார்க்க வேண்டியவர் மாஸ்டர். ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. கால் நேராகப் பக்கத்து சீட்டுக்குப் போய் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டும் போட்டுக்கொண்டது. உட்கார்ந்த பிறகு இறங்கினால் மரியாதையாக இருக்காது என்று மாஸ்டர் சும்மா இருந்துவிட்டார். தரகரே ஸ்டீயரிங்கைப் பிடித்தார். மச்சினன் பின்னால்.

கார் சீறியது. மாஸ்டரின் முதுகு சீட்டில் போய் அப்பியது. ஆகா, இதுதான், இதேதான் என்று அவர் கண்ணை மூடித் திறந்தபோது, சாலையின் குறுக்கே ஒரு பூனை சாவகாசமாக நடந்துகொண்டிருந்தது.

மாஸ்டரின் கால் மிதித்தது.

அங்கே பிரேக் இல்லை. தடக் என்று ஒரு சத்தம். காலடியில் விரித்திருந்த மிதியடி கிழிந்தது. அதற்குக் கீழே இருந்த தகரம், தகரமாக இருந்து பல வருடம் ஆகியிருந்தது. துருத் துகள்கள் மட்டும்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றிருந்தன. மாஸ்டரின் வலது கால் முழங்கால் வரை காருக்கு வெளியே போய், நேராகச் சாலையில் இறங்கியது.

ஆபத்தில் மனிதனுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. மாஸ்டருக்குக் கை ஓடவில்லை. கால் மட்டும் ஓடியது. கார் ஓடுகிற வேகத்துக்கு அதுவும் கீழே தனியாக ஓடிக்கொண்டிருந்தது. தரகர் ஒருவழியாக நிறுத்தியபோது ஷூ ஒரு தெரு பின்னால் கிடந்தது. பூனை அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது.

தரகர் முதல்முறையாகக் கூலிங்கிளாஸைக் கழற்றி, ஓட்டையை எட்டிப் பார்த்தார்.

"காத்தோட்டத்துக்கு நல்லதுதான் சார்" என்றார்.

வீட்டில் மனைவி அந்தக் காலுக்கு மருந்து போட்டபடி கதை கேட்டாள். சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாட்டில் பஞ்சு கீழே விழுந்தது. தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். நாளைக்கு நானும் வருகிறேன் என்றாள்.

ஞாயிறு. கடைசி நாள். கடைசி கார்.

தீப்பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி ஒரு சின்னக் கார், துவைத்துத் துவைத்து வெளுத்த நீலத்தில் நின்றது. விற்கிறவர் ஒரு பல் டாக்டரம்மா. இரட்டைக் குழந்தை பிறந்திருக்கிறதாம். பின்னால் குழந்தை சீட் இரண்டு வைத்தால் கதவு சாத்த மறுக்கிறதாம். எஞ்சின் மட்டும் இதைவிட இரண்டு மடங்கு பெரிய காருக்கானது என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பின் ஜன்னல் ஒன்று இறங்காது, ஏசி சில நாள் கோபித்துக்கொள்ளும் என்று குறைகளையும் அவரே ஒப்பித்தார்.

மாஸ்டர் முதல் வேலையாகப் பக்கத்து சீட்டில் ஏறி, ஓங்கி ஒரு மிதி மிதித்தார். தரை அசையவில்லை. நகர்ந்து நகர்ந்து மூலைக்கு மூலை மிதித்தார். பின் சீட்டுக்குப் போய் அங்கேயும் மிதித்தார். டாக்டரம்மா, காரில் ஏதாவது பூச்சி இருக்கிறதா என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்.

பிறகு மாஸ்டர் ஸ்டீயரிங்கின் முன் உட்கார்ந்தார். பக்கத்தில் மனைவி, பின்னால் மச்சினனும் டாக்டரம்மாவும். பழைய கிடங்குகளுக்குப் பின்னால் ஓர் ஆளில்லாத நீண்ட சாலை. வெயில். எதிரே ஈ காக்கை இல்லை. வாழ்நாள் கனவுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

மாஸ்டர் கண்ணாடியைச் சரிசெய்தார். இண்டிகேட்டர் போட்டார். கிளம்பினார். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். எஞ்சின் உறுமத் தொடங்கிய அந்த நொடியில், வலது கால் துள்ளி பிரேக்குக்குப் போய்விட்டது. மறுபடி அழுத்தினார். மறுபடி துள்ளியது. கார் தும்மல் வந்தவன் மாதிரி குலுங்கிக் குலுங்கி நகர்ந்தது.

"மாமா, மூணாவது கியர்னு ஒண்ணு இருக்கு" என்றான் மச்சினன்.

எதிரே எதுவுமே வராத சாலையில் பயிற்சி வேகத்தைத் தாண்ட அவரால் முடியவில்லை. ஆசையெல்லாம் மனசில்தான் இருந்தது, கால் சம்மதிக்கவில்லை. ஓரமாக நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, கியரைச் சரிபார்த்து, பிறகுதான் வருத்தப்பட்டார். அதிலும் ஒரு வரிசை.

"ஆமையையே வாங்கிக்கலாம்" என்றார், ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே. "எனக்கு அதுதான் சரி."

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த முகத்தில் இப்படி ஒரு தோல்வியை அவள் பார்த்ததில்லை. பெல்ட்டைக் கழற்றினாள்.

"நகருங்க."

"என்னது?"

"இந்தப் பக்கம் வாங்க. நான் ஓட்டறேன்."

மாஸ்டருக்குப் புரிய நேரம் பிடித்தது. இடம் மாறி உட்கார்ந்தார். மனைவி சீட்டை முன்னால் இழுத்தாள், வளையல்களை முழங்கை வரை ஏற்றிவிட்டாள். லேபில் ஊசி குத்துமுன் எல்லோரிடமும் சொல்கிற அதே குரலில், "அந்தப் பக்கம் பாருங்க. சுருக்குனு இருக்கும், உடனே முடிஞ்சிரும்" என்றாள்.

முடியவில்லை. ஆரம்பித்தது.

கிடங்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பின்னால் ஓடின. மாஸ்டர் மிதித்தார். இரண்டாவது கியர். மிதித்தார். மூன்றாவது. இரண்டு காலாலும் மிதித்தார். தரை தாங்கியது, கார் நிற்கவில்லை. இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவர் மிதித்தும் ஒரு கார் நிற்கவில்லை. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ள, வயிறு எங்கோ பின்னால் தங்கிவிட, மாஸ்டர் வாயைப் பிளந்து கத்தினார். பாதி வழியில் அது சிரிப்பாக மாறியது. வளைவில் அவள் கியரைக் குறைத்துத் திருப்பிய அழகில் மச்சினன் டார்க் என்ற சொல்லையே மறந்து, முன் சீட்டைக் கட்டிக்கொண்டான்.

கார் நின்றது. புழுதி அடங்கியது. முன்னாலிருந்த கண்ணாடியில் மாஸ்டரின் பிளந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா முன்னால் சாய்ந்தார்.

"சார், மேல் வரிசையில கடைசிப் பல்லுல ஓட்டை இருக்கு. ஒரு நாள் வந்து காட்டுங்க."

மாஸ்டர் அதைக் கேட்கவில்லை. மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை" என்றார்.

"மிதிக்க மாட்டீங்களே?"

"மிதிப்பேன். நீ நிறுத்தாத."

அவள் தலையாட்டினாள்.

நீலத் தீப்பெட்டி அன்று சாயங்காலமே வாசலுக்கு வந்தது. வாங்க வேறு ஆள் கிடைக்காமல் முதலாளி ஆமையை எடைக்குப் போட்டார். போடுமுன் மாஸ்டரின் மனைவி அங்கே போய் ஒரே ஒரு பாகத்தை மட்டும் கேட்டு வாங்கிவந்தாள். பக்கத்து சீட்டுப் பிரேக். கணவர் மிதித்து மிதித்து புதுக் காரின் மிதியடி தேய்கிறது. கால் வைக்க ஏதாவது இருக்கட்டும், எதோடும் இணைக்காமல் சும்மா மாட்டிக்கொடுங்கள் என்று மெக்கானிக்கிடம் சொல்லியிருந்தாள். ஆனால் மேற்பார்வைக்கு நின்றவன் மச்சினன். சும்மா ஒரு பெடலா, வேஸ்ட்டா என்று யோசித்தவன், ஒரு வயரை இழுத்து அதை ஹாரனோடு இணைக்கச் சொல்லிவிட்டான்.

அடுத்த ஞாயிறு இருவரும் வெளியே கிளம்பினார்கள். மனைவி வேகமெடுத்தாள். மாஸ்டர் பதறி மிதித்தார். கார் அலறியது. முன்னால் போன லாரி திடுக்கிட்டு ஒதுங்கி வழிவிட்டது. வழி கிடைத்ததே என்று மனைவி இன்னும் வேகமெடுத்தாள்.

மாஸ்டர் இன்னும் பலமாக மிதித்தார்.