பட்டினி போட்ட பாதி வயல்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது எங்கள் வயல் வரப்பில். எழுத உட்கார்ந்ததும் முதல் வரி இப்படி வந்தது: பஞ்சாபின் பொன் விளையும் மண்ணில் ஒரு

அடித்துவிட்டேன். நடவு நேரத்தில் இங்கே விளைவது சேறுதான்.

அடுத்தது: மன்ரூப் மண்ணியல் படித்தவள், கூச்சக்காரி.

இது இருக்கட்டும். (மன்ரூப் நான்தான். 'அவள்' என்று எழுதினால் கொஞ்சம் தைரியம் வருகிறது.)

2

நடவுக்கு முந்தின நாள், டிஏபி உர மூட்டையைப் பிரித்த அப்பாவின் கையை மன்ரூப் பிடித்தாள்.

"பாதி வயலுக்கு இது வேண்டாம்ப்பா. கோதுமைக்குப் போட்ட பாஸ்பரஸ் மண்ணுல மிச்சம் கிடக்கு. தண்ணி கட்டினா அதுவே இளகி நெல்லுக்குக் கிடைக்கும்."

பக்கத்து வயல் குர்நேக் சிங் டிராக்டரை நிறுத்தாமலே சிரித்தார். "அம்மாடி, கோதுமை தின்ன தட்டை நக்கியா நெல்லு வளரும்?"

"வளரும், சாச்சாஜி."

"சத்தமாச் சொல்லு. டிராக்டர் ஓடுதில்ல!"

பந்தயம் அங்கேயே முடிவானது. பட்டினி போட்ட பாதியில் விளைச்சல் குறைந்தால், அவர் மகள் கல்யாணத்தில் பெண்கள் கைதட்டி ஆடும் கித்தா வட்டத்தின் நடுவே நின்று மன்ரூப் பாட்டெடுக்க வேண்டும். குறையாவிட்டால், துப்பட்டா போட்டுக்கொண்டு அவர் ஆடுவார்.

(விளைச்சலைவிட அந்த வட்டம்தான் எனக்குப் பயம். வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூடக் கை தூக்குவதோடு சரி.)

3

அறுவடையில் இரண்டு பாதியும் சமம். மன்ரூப் ஜெயித்தாள். கதை முடிந்தது.

முடியவில்லை. கல்யாண வீட்டில் குர்நேக் சிங் தலைப்பாகைமேல் ரோஜா நிறத் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, அம்மா என் காதில் சொன்னாள்:

"மனசு கேக்கலடி. வரப்புக்கு அந்தப் பக்கம் விருந்து, இந்தப் பக்கம் பட்டினி. யாரும் பாக்காதப்ப நாலு சட்டி உரம் வீசிட்டேன்."*

"அம்மா!"

"பச்சப்புள்ளையாட்டம் நின்னுச்சுடி நாத்து. பெத்தவ பாத்துட்டு இருப்பாளா?"

*ஆய்வில் இதற்குப் பெயர் பிழை. ஆனால் வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பாத ஊர் இது. நாற்றும் வீட்டுக்கு வந்ததுதானே.

4

இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

மன்ரூப் வாயை மூடிக்கொள்கிறாள். ஆனால் இரண்டு பாதியும் உரம் தின்ற பிறகு அந்தச் சமத்துக்கு ஓர் அர்த்தமும் இல்லை. அது அவளுக்குத் தெரியும்.

மன்ரூப் ஓடிவிடுகிறாள். வாசலை அடைத்துக்கொண்டு ஜிலேபிக்குக் கூட்டம்.

மன்ரூப் வட்டத்துக்குள்

இல்லை. நான். நான்தான் வட்டத்துக்குள் போனேன்.

"பந்தயம் செல்லாது! எங்கம்மா வயலுக்குத் திருட்டுச் சோறு போட்டாங்க!"

மேளம் நின்றது. மணப்பெண்ணின் அத்தை ஒருத்தி கைதட்டி அதையே ராகமாக இழுத்தாள்: "எங்கம்மா... வயலுக்கு... திருட்டுச் சோறு போட்டா!" வட்டம் முழுக்கப் பிடித்துக்கொண்டது. எந்த வட்டத்துக்குப் பயந்தேனோ அதன் நடுவில், நானே பாட்டெடுத்தவளாக நின்றேன். அம்மா முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள்.

"செல்லாட்டிப் போகுது, துப்பட்டா கட்டியாச்சுல்ல!" என்று குர்நேக் சிங்கும் உள்ளே குதித்தார்.

5

ஒரு கோதுமை முடிந்து மறுபடி நெல். அதே வயல், அதே பந்தயம். உர அறைச் சாவி மட்டும் என் கழுத்தில்.

கதிர் இன்னும் பால் பிடிக்கவில்லை. அதனால் என்னிடம் முடிவு இல்லை. இருந்த இடத்திலிருந்து எட்டிப் பார்க்கிறேன். பயிரைப் பார்த்தால் எந்தப் பாதி பட்டினி என்று தெரியவில்லை.

நீங்கள் வரப்பில் நின்று பார்த்துச் சொல்லுங்கள். சத்தமாக. டிராக்டர் ஓடிக்கொண்டிருக்கும்.